பாதிப் பளபளப்பு

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை பேயைப் பார்க்கப் போகிறவன் எத்தனை இட்லி சாப்பிடலாம் என்பதில் பூபாலனுக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஆறை முடித்துவிட்டு ஏழாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் மைதிலி ஸ்கூட்டர் ஹாரனை அழுத்தினாள். கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டான்.

"பேய் கொஞ்ச நேரம் காத்திருக்காதுங்களாக்கா?"

"பேய் காத்திருக்கும். அந்தம்மா ஏறப்போற ஒன்பது மணி பஸ் காத்திருக்காது," என்றாள் மைதிலி.

பல்லடம் ரோட்டில், பட்டனும் ஜிப்பும் விற்கிற கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் மைதிலி. அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு பையிங் ஆபீசில் ஷேடு பார்த்தாள். சாயம் போட்டு வருகிற துணி, ஒப்புக்கொண்ட சாம்பிளின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று சொல்வதுதான் வேலை. அவள் "இல்லை" என்றால் சாயப்பட்டறைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பூபாலன் அப்படிப்பட்ட ஒரு சாயப்பட்டறையில் வேன் ஓட்டியவன். இப்போது அவளுடைய உதவியாளன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் வாய்தான் ஓவர்டைம் பார்க்கிறது.

அமராவதி என்கிற பெண் வியாழக்கிழமை அவர்களைத் தேடி வந்திருந்தாள். அவள் கணவன் தீனதயாளன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஏழு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவிநாசிபாளையத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அவனைப் பிணமாக எடுத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் கம்பெனியில் ஒரு பெரிய லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகியிருந்தது. ஓட்டை விழுந்த பீஸ்களைத் தைத்து அடைக்காமலே பெட்டியில் போட்டுவிட்டார்கள் என்று மேனேஜர் அத்தனை பேருக்கும் முன்னால் தீனதயாளனை நார் நாராகக் கிழித்திருந்தார். கிணற்று மேட்டில் அவனுடைய சட்டையும் செருப்பும் கிடந்தன. அவமானம் தாங்காமல் விழுந்துவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ஊரும் அதையே பேசியது.

அமராவதி மட்டும் நம்பவில்லை. நம்பாதவளாக அவள் அப்படியே இருந்திருப்பாள். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டில் ஒன்று நடக்க ஆரம்பித்தது. அதைக் கேள்விப்பட்ட மாமனார் கருப்புசாமி மகனுடைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பி வைத்துவிட்டார். தானாகச் செத்தவன்தான் இப்படி வீட்டைச் சுற்றி வருவான் என்பது அவர் முடிவு. வாழ்நாள் முழுக்கத் தறியையும் முருகனையும் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பூசாரியோடு வந்து ஆவியைக் கட்டிப்போட்டு, வீட்டைப் பூட்டி, பேத்தியைத் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேத்தி வேல்விழி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உங்கப்பா ஏன் கிணத்துல குதிச்சாரு என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் கேட்டதிலிருந்து அவள் மதியச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம்.

நாளைக்குத் திங்கட்கிழமை.

வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. அமராவதி கதவைத் திறந்துவிட்டு உள்ளே வராமல் நின்றுகொண்டாள்.

பூபாலன் எட்டிப் பார்த்தான். கூரைக் கம்பியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளின் உறுப்புகள் தொங்கின. முன் மட்கார்டு, பின் மட்கார்டு, சைடு கவர் இரண்டு. எல்லாம் கறுப்பு. பெட்ரோல் டாங்க் மட்டும் பெஞ்சின் மேல் பழைய போர்வை விரித்துப் படுத்திருந்தது. மிச்ச வண்டி மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கதவு திறந்த காற்றில் சைடு கவர் ஒன்று மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தது.

அமராவதி சொன்னதன் சுருக்கம் இது. தீனதயாளன் தன் பன்னிரண்டு வருஷத்து வண்டிக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்தான். கறுப்பு நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேல் கடைசியாக அடித்த கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சுதான் காலை வாரிவிட்டது. கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி மினுக்குகிறது, என் வண்டி இப்படி இருக்காது என்று அவனுக்கு ஒரே எரிச்சல். புதிதாக வாங்கியபோது அந்த வண்டிக்கு இருந்தது பாதிப் பளபளப்புதான். அதையே கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம். கிளியர் நன்றாக இறுகட்டும், பதினைந்து நாள் கழித்து வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளை, ரெண்டாயிரம் நம்பரில் வாங்கிச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பை இறக்கிவிடலாம் என்று தொங்கவிட்டிருந்தான். பதினைந்து நாள் ஆவதற்குள் அவனே போய்விட்டான்.

"இப்ப அவரு தேய்க்கறாருங்க," என்றாள் அமராவதி. "வாரத்துக்கு ஒண்ணு."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு உறுப்புகள். அவளும் குழந்தையும் வாராவாரம் காலையில் அவிநாசிபாளையத்தில் இருக்கிற அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்று மங்கியிருக்கும். மிச்சம் இருந்தது டாங்க்.

பூபாலன் டாங்கைக் குனிந்து பார்த்தான். இட்லிச் சட்னி ஒட்டிய மீசையோடு அவன் முகம் அதில் பளிச்சென்று தெரிந்தது. துடைத்துக்கொண்டு, தேய்த்து முடித்த சைடு கவரைப் பார்த்தான். அதிலும் ஓர் ஆள் இருந்தான். தோள் இருந்தது, தலை இருந்தது, கண்ணும் மூக்கும் இல்லை. தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல இருந்ததால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அமராவதிதான் நின்றாள்.

"பூட்டின ரூமுங்கக்கா," என்றான் மைதிலியிடம், குரலைத் தாழ்த்தி. "பூட்டு உடையலை. ஜன்னல் கிடையாது. சாவி?"

"கதவு நிலைக்கு மேல வெச்சிருக்கறனுங்க," என்றாள் அமராவதி. "அவரு எப்பவும் அங்கதான் வெப்பாரு. கம்பெனி ஆளுக ஆரு வந்தாலும் எடுத்துத் தொறந்துக்குவாங்க."

பூட்டிய அறை மர்மம் அத்தோடு முடிந்தது. பூபாலனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மைதிலி அதற்குள் முன் மட்கார்டைக் கம்பியிலிருந்து இறக்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அங்கங்கே சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள் ஒட்டியிருந்தன. செக்கிங் டேபிளில் பனியனில் பழுது இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். இந்த ஊரில் எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பெயிண்ட் அடித்தாலும் ஒரு இழை பஞ்சு எங்கிருந்தாவது பறந்து வந்து ஈரத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்த ஒவ்வொரு இழைக்கும் தீனதயாளன் ஓர் அம்பு ஒட்டியிருந்தான். தொழில் புத்தி.

மைதிலி ஓர் அம்பின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பினாள். அடியில் கிளியர் கண்ணாடி மாதிரி மின்னியது. சுற்றிலும் மங்கல், அம்பு இருந்த இடத்தில் மட்டும் அம்பு வடிவத்திலேயே பளபளப்பு.

"தேய்ச்ச ஆளு அம்பைத் தொடவே இல்லை பூபாலா. ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தித் தேய்ச்சிருக்கான். பெயிண்ட் பட்டறைக்காரனா இருந்தா என்ன பண்ணுவான்?"

"மொதல்ல அத்தனையும் பிச்சு எறிஞ்சிருவானுங்க."

"அம்பைப் பிய்க்கப் பயப்படறவன் ஆரு?"

அது பூபாலனுக்கும் தெரியும். செக்கிங்கில் ஒட்டிய அம்பை, பழுதைச் சரி செய்யாமல் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஓட்டை எங்கே என்று அதன் பிறகு யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுப்பது அது.

"செக்கிங் ஆளு," என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "செத்தவரும் செக்கிங்தானுங்கக்கா. அவருக்கும் ஞாயிறுதான் லீவு."

மைதிலி கம்பியிலிருந்து மிச்சத்தையும் இறக்கினாள். நான்கு உறுப்புகளையும் வாசற்படியில் வரிசையாக வைத்து ஒரே வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தாள். பழைய உத்தியோகத்தில் துணியைப் பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்திருப்பாள். நான்கிலும் ஒரே அளவு மங்கல். ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல அவளாலேயே முடியவில்லை.

"எவ்வளவு பளபளப்பு வேணும்னு அவரு எதை வெச்சு முடிவு பண்ணியிருந்தாரு?" என்று கேட்டாள்.

அதற்கு ஒரு சாம்பிள் இருந்தது என்றாள் அமராவதி. பழைய மட்கார்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓட்டை போட்டு, கம்பெனியில் கட்டுகிற மாதிரியே நூலில் ஓர் அட்டை கட்டி, அதில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தானாம். சாகிற அன்றைக்கு மாமியார் வீட்டிலிருந்து கிளம்பும்போது, பெயிண்ட் கடையில் காட்டிப் பேப்பர் வாங்கி வருகிறேன் என்று அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போனான்.

"அது இப்ப எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. போலீஸ் திருப்பித் தந்தது சட்டை, செருப்பு, போன் மூன்றும்தான். சட்டையை எடுத்து வந்து காட்டினாள். மேல் பட்டன் இரண்டு இல்லை. நூல் மட்டும் தொங்கியது. மைதிலி அந்த நூலை விரலால் தடவிப் பார்த்தாள். அவிழ்த்த பட்டன் இல்லை, பிய்ந்த பட்டன். பூபாலனும் பார்த்தான். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அமராவதியின் முகத்தைப் பார்த்து அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். அவன் அப்படி ஒரு பேச்சை விழுங்குவது அபூர்வம்.

கிளம்புவதற்கு முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் குழந்தைக்குக் காய்ச்சல், மத்தியானப் பஸ்ஸில்தான் போனாள். அன்றைக்கும் திரும்பி வந்தபோது ஒரு சைடு கவர் தேய்ந்திருந்தது, தரையில் ஈரம்கூடக் காயவில்லை. மைதிலி தலையாட்டிக்கொண்டு, எப்போதும் போலக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இறங்குங்கள், அங்கே பஸ் ஸ்டாப்பில் கொஞ்சம் நின்று போங்கள் என்று அனுப்பி வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்," என்றாள் அமராவதி வாசலில் திரும்பி. "அவரு வரலைன்னு ஆராச்சும் எனக்கு நிச்சயமாச் சொல்லோணும். நாளைக்கு எங்க மாமனாருகிட்ட நான் சொல்லோணும்." சொல்லும்போது அவள் குரல் ஏனோ பாதியில் இறங்கிப் போனது.

பஸ் போனதும் பூபாலன் வாயைத் திறந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு கணக்கு இடிக்குதுங்க. நாலு வாரத்துல நாலு சாமான், ஒரே மாதிரி மங்கல். ஞாபகத்துலயே தேய்ச்சுட முடியுங்களா?"

"முடியாது. கண்ணுக்கு ஞாபகம் கிடையாது. எங்க ஆபீஸ்ல முப்பது வருஷ ஆளுகூட சாம்பிளைக் கையில வெச்சுக்காம ஷேடு சொல்ல மாட்டாரு. இங்க வர்றவன் கையில அந்தத் துண்டு இருக்குது."

"அந்தத் துண்டு செத்தவரு கையில இருந்துச்சு."

"ஆமா."

"அப்ப வர்றது ஆரு?"

வெளியே பளீரென்று வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இருந்தும் பூபாலனுடைய கையில் மயிர் குத்திட்டு நின்றது. இதுவரை கிடைத்த தடயம் ஒவ்வொன்றும் ஒரே ஆளைத்தான் காட்டியது. அந்த ஆளைச் சுடுகாட்டில் வைத்து ஏழு வாரம் ஆகிறது. கம்பியில் தொங்கிய டாங்க் மூடி காற்றில் டிங் என்றது. அவன் மைதிலியின் பக்கமாக ஓரடி நகர்ந்துகொண்டான்.

மைதிலி பெஞ்சுக்கு அடியில் கிடந்த வாளியை இழுத்துக் கவிழ்த்தாள். அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு துடைக்கிற துணி. பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட். கரும்பச்சை. அவள் அதைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"அங்கமுத்துவுக்குப் போன் போடு. இந்தப் பச்சை அவங்க கட்டிங்குக்கு எப்ப வந்துச்சுன்னு கேளு."

அங்கமுத்து தீனதயாளனுடைய கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், பூபாலனுக்குப் பழைய சிநேகிதன். படத்தை அனுப்பியதும் பதில் வந்துவிட்டது. புது ஆர்டர், ஷேடு ஓகே ஆவதற்கே இழுத்தடித்தது, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் முதல் ரோலே உள்ளே வந்தது.

"மூணு வாரம்," என்றாள் மைதிலி. "தீனதயாளன் போய் ஏழு வாரம். செத்தவனுக்குக் கம்பெனி வேஸ்ட் துணி குடுக்குமா?"

"எங்க பழைய மொதலாளி உசுரோட இருந்தவனுக்கே குடுக்கலீங்க," என்றான் பூபாலன். மூச்சு சீராக வந்தது. "அப்ப ஆளு உசுரோட இருக்கறான். அதே கம்பெனி, செக்கிங். அமராவதியக்கா எப்பப் போனாலும் அவனுக்குத் தெரியுது."

"போறது தெரியலை, தெரிஞ்சிருந்தா போன வாரம் அவங்க கெளம்புன ஒடனே தேய்ச்சு முடிச்சிருப்பான், தரை காஞ்சிருக்கும். அங்க வந்து எறங்கறது தெரியுது. மத்தியானம் எறங்குனா மத்தியானம் கெளம்பி வர்றான். அவன் இருக்கறது அவிநாசிபாளையத்துல."

மறுபடியும் அங்கமுத்து. செக்கிங்கில் அந்த ஊரிலிருந்து வருகிறவர் ஒரே ஒருத்தர், சென்னியப்பன், ஐம்பது வயது இருக்கும். தீனதயாளனைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்றைக்குப் பாடை தூக்கிய நால்வரில் ஒருவர். அதற்கப்புறம் யாரோடும் பேசுவதில்லை. இன்னொரு விஷயம், ரிஜெக்ட் ஆன லாட்டில் அம்புகளைப் பிய்த்தது அவர்தான் என்று செக்கிங்கில் ஒரு முணுமுணுப்பு. தீனதயாளன் கடைசிவரை அவர் பெயரை மேனேஜரிடம் சொல்லவில்லை.

போனை வைத்ததும் பூபாலன் கதையை முடித்துவிட்டான். தன் பெயரைத் தீனதயாளன் சொல்லிவிடுவாரோ என்று பயந்து சென்னியப்பன் கிணற்று மேட்டில் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளியிருக்கிறான். பட்டன் பிய்ந்தது அப்படித்தான். சாம்பிள் கைக்கு வந்ததும் அப்படித்தான். மைதிலி மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. அப்படியானால் அவன் ஏன் வந்து தேய்க்கிறான் என்று மட்டும் கேட்டாள். பூபாலன் இறக்கிய உறுப்புகளைக் கம்பியில் திரும்ப மாட்டினான். தார்ப்பாய்க்குப் பின்னால் இடம் பார்த்து இரண்டு பேரும் ஒளிந்துகொண்டார்கள். பூட்டைப் பூட்டாமல் கொண்டியில் தொங்கவிட்டிருந்தார்கள், சாவி கதவு நிலையின் மேலேயே இருந்தது.

பதினொன்றே காலுக்கு ஒரு மொபெட் சத்தம் கேட்டு நின்றது. கதவு திறந்தது. ஒல்லியான ஓர் ஆள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் மஞ்சள் பை. வாளியில் தண்ணீர் பிடித்து வந்து சோப்பைக் கரைத்தார். பையிலிருந்து பேப்பரையும், நூலில் அட்டை கட்டிய ஒரு கறுப்புத் துண்டையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தார். அதன் பிறகு டாங்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூபாலன் அவர் யாரையோ எதிர்பார்க்கிறார் என்று நினைத்தான்.

"சார்," என்றார் அவர் மெல்ல. "மட்கார்டு ரெண்டும் ஓகேங்க. சைடு கவர் ரெண்டும் ஓகேங்க. டாங்க் மட்டும் பாக்கிங்க. இன்னிக்கு முடிச்சர்றனுங்க."

பதிலுக்குக் காத்திருப்பவர் போலக் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். சைடு கவர் மெல்லத் திரும்பியது. கண்ணும் மூக்கும் இல்லாத ஓர் ஆள் அதற்குள் அசைந்தான். அது சென்னியப்பனுடைய நிழல்தான் என்று பூபாலனுக்குத் தெரியும். தெரிந்தும் தார்ப்பாய்க்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒண்டிக்கொண்டான். பேய்க்குப் பயப்படலாம் என்று வந்தவனுக்கு, உயிரோடு இருக்கிற மனிதன் ஒருவன் இப்படி நிற்பது அதைவிடப் பயமாக இருந்தது. பேப்பர் தண்ணீரில் நனைந்து டாங்கின் மேல் ஸ்ஸ் ஸ்ஸ் என்று வட்டமிட ஆரம்பித்தது. நாலு சுற்றுக்கு ஒருமுறை துடைத்து, துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

மைதிலி எழுந்தாள். சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஓடவில்லை, அதிரக்கூட இல்லை.

"இந்த ஒண்ணை முடிச்சுக்கறனுங்க அம்மணி. அப்பறம் போலீசுக்கு வேணும்னாலும் வர்றன்."

"அந்தத் துண்டு உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?" என்றாள் மைதிலி.

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"அன்னிக்கு அவரு குதிக்கலீங்க. நான்தானுங்க குதிச்சன்."

பூபாலன் கட்டி வைத்த கதை ஒரே நொடியில் கலைந்து போனது. சென்னியப்பன் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பெட்டி கட்டுகிற அவசரம், ஓட்டை தைக்கிற மெண்டிங் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அம்புகளை எடுத்தது அவர்தான். லாட் திரும்பியபோது அந்தப் பழியைத் தீனதயாளன் வாங்கிக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். திங்கட்கிழமை எப்போதும் போல வேலைக்கு வாருங்கள் என்று சொல்வதற்காகத் தீனதயாளன் அவரைத் தேடிக்கொண்டு அந்த நேரத்தில் வந்திருக்கிறான்.

"தண்ணிக்குள்ள இருந்து பாத்தனுங்க. சட்டையைப் பிச்சு எறிஞ்சுட்டு எறங்கறாரு. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. அவரு கழுத்தைப் புடிச்சுக்கிட்டன். என்னையப் படிக்கல்லுல தூக்கி விட்டுட்டு, கீழ இருந்து என் காலைப் புடிச்சுத் தள்ளுனாருங்க. பாசி வழுக்கி என் காலு அவரு நெத்தியிலயே பட்டுச்சு." அவர் சற்று நிறுத்தினார். "மேல வந்து கையை விரிச்சுப் பாத்தா அந்தத் துண்டு இருந்துச்சுங்க. அவரு இல்லை."

ஆள் கூட்டி வர ஓடினாராம். தோட்டத்தில் யாரும் இல்லை. பிணத்தை எடுத்தபோது கூட்டத்தில் நின்றார். தற்கொலை என்று போலீஸ் எழுதியபோது வாயைத் திறக்கப் போனார். அவருக்கு இரண்டு பெண்கள். அப்பன் நம்மை விட்டுப் போகப் பார்த்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று நாக்கு உள்ளேயே போய்விட்டது. போன மனுஷனுடைய பெயரைக் காப்பாற்ற முடியவில்லை, விட்டுப்போன வேலையையாவது முடிக்கலாம் என்று வாராவாரம் வந்தார். அம்பை மட்டும் தொட முடியவில்லை. இனி எந்த அம்பையும் தன்னால் தொட முடியாது என்றார்.

வாசலில் நிழல் விழுந்தது. பூபாலன் திரும்பினான். அமராவதி நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை அம்மா வீட்டில் இறக்கி விட்டதும் இருப்புக்கொள்ளாமல், தம்பியின் வண்டியை ரோட்டு முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சென்னியப்பன் அவள் காலில் விழப் போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அவரு கடைசியா என்னங்க சொன்னாரு?"

"ஏறுன்னாருங்க அம்மணி. ஏறு, ஏறுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலீங்க."

பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு அமராவதியிடமிருந்து வந்தது பூபாலன் எதிர்பார்த்த அழுகை இல்லை. நாளைக்குக் காலையில் ஆறு மணிக்குப் பூசாரி வருவதற்கு முன்னால் வந்து, இப்போது சொன்னதை அப்படியே தன் மாமனாரிடம் சொல்ல வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு ஸ்டேஷனிலும் சொல்ல வேண்டும். சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அதுக்கு முந்தி இன்னிக்குப் பொழுதோட உங்க ஊட்டுல சொல்லீருங்க," என்றாள். "உங்க புள்ளைக ஊரு சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது. எம்புள்ள அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டா."

அவர் அந்தத் துண்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். மொபெட் இரண்டு தடவை உதைத்தும் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போகிற சத்தம் சந்து முனைவரை கேட்டது.

மைதிலி, இனி உங்கள் கணவனைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச முடியாது, வேல்விழி நாளைக்கு நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். அமராவதி ஆமாங்க என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. பெருமைகூடத் தெரிந்தது. மாமனார் அந்தப் படத்தை நாளைக்கு அவர் கையாலேயே மாட்டுவார் என்றாள். பிறகு கால் ஓய்ந்தவள் போல வாசற்படியில் உட்கார்ந்தாள். மைதிலி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றனுங்க, சிரிக்காதீங்க. நாலு வாரமா ஞாயித்துக்கெழம சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்குனா நான் நடக்கறதில்லீங்க. பாப்பா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடித்தான் வருவன். இன்னிக்கு அவரு எதைத் தேய்ச்சிருக்காரோன்னு."

மைதிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வரலைன்னு நிச்சயமாச் சொல்லுங்கன்னு நானேதான் கேட்டன். நீங்களும் சொல்லிப்போட்டீங்க." அவள் மடியில் கிடந்த கறுப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இன்னிக்குத்தானுங்க அவரு செத்திருக்காரு."